காதடி எலும்பு தந்த கழுத்துவலி: என் அனுபவம்

விழுங்கும்போது தொண்டையில் முள் சிக்கியதைப் போன்ற உறுத்தலும், தலையைத் திருப்பினால் காது வரை பாயும் வலியும் எனக்கு இருந்தன. ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரைகள் பலனளிக்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் டான்சில் குழியை விரலால் அழுத்தியபோது அதே வலி எழுந்தது. அங்கேயே மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டதும் அடங்கியது. காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோல் நீளும், வழக்கமாக 2.5 முதல் 3 செ.மீ. வரை இருக்கும் ஸ்டைலாய்டு எலும்பு முனை கூடுதலாக நீண்டிருப்பதை சி.டி. ஸ்கேன் காட்டியது. 1937இல் வாட் ஈகிள் என்ற மருத்துவர் விவரித்த, அவர் பெயராலேயே ஈகிள் நோய்க்குறி எனப்படும் நிலை இது. எலும்பு நீண்டிருந்தும் தொல்லையே இல்லாதவர்கள் பலர் என்பதால், ஸ்கேனைவிட அந்த ஊசிச் சோதனையையே நான் பெரிதாக மதிக்கிறேன். மருந்து சிறிதளவே உதவியதால், வாய்வழியாக அந்த முனையை வெட்டி அகற்றினார்கள் (கழுத்தில் கீறியும் செய்வதுண்டு, தழும்பு விழும், ஆனால் ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரியும்). விழுங்கும் வலி விரைவில் நீங்கியது. காதுவலி மெல்லவே குறைந்தது.