லோடு பிக்கப்பில் பிரேக் கோளாறு: பெடலை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பிரேக் பிடிக்கவில்லை என்றதும் டிரம்மில் உராய்ந்து நிறுத்தும் லைனரை மாற்றிவிடுவது பல பட்டறைகளில் பழக்கம். லைனர் புதிதாக இருந்தும் வண்டி நிற்காமல் பட்டறைக்கே திரும்பி வரும். கோளாறு எங்கே என்பதைப் பெடலே காட்டிக்கொடுக்கும் என்பதால் ஐந்து நிமிடம் காலை வைத்துச் சோதித்த பிறகு ஸ்பானரை எடுங்கள். கீழே உள்ளவை முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், வாக்கும் பூஸ்டர் (வெற்றிடத்தின் இழுப்பால் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம்) உள்ள டீசல் பிக்கப்புகளுக்கு.

எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கட்டை போல நின்றால் வாக்கும் கிடைக்கவில்லை. முதலில் வாக்கும் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, அதிலுள்ள ஒருவழி வால்வு ஒரு பக்கம் மட்டும் காற்று விடுகிறதா என்று ஊதிப் பாருங்கள். அவை சரியென்றால் அடுத்தது வாக்கும் பம்ப். சில வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கும். அங்கே எஞ்சின் ஆயில் கசிந்திருந்தால் அதையும் கவனியுங்கள். பூஸ்டரை மாற்றுவது கடைசி.

பெடல் ஸ்பிரிங் போல அமுங்கி, திரும்பத் திரும்ப மிதித்தால் மேலே வருகிறதா? பிரேக் ஆயில் லைனில் காற்று. முதல் மிதியில் கீழே போய், இரண்டாவது மிதியில் உயரத்தில் கெட்டியாக நிற்கிறதா? பின் டிரம்மில் லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, அட்ஜஸ்டரைப் பாருங்கள். ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது மெதுவாகத் தரையை நோக்கி இறங்கி, வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதியை ஆயில் அழுத்தமாக்கும் பாகம்) இருக்கும் ரப்பர் வாஷர் கெட்டுவிட்டது. பிரேக் ஆயில் டேங்கில் மட்டம் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். டிஸ்க்கில் உராயும் பேட் தேய்ந்தால் மட்டம் மெதுவாக இறங்கும். சில நாளிலேயே இறங்கினால் எங்கோ கசிகிறது. பின் சக்கரத்தின் உள்பக்க டயரில் ஈரக்கறை இருந்தால் கசிவது டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர்தான்.

காற்று எடுப்பதற்கு இரண்டு பேர், அரை லிட்டர் பிரேக் ஆயில், சக்கரத்தில் காற்றை வெளியே விடும் நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர், உள்ளே தெரியும் டியூப், பாட்டில் போதும். எஞ்சின் ஆஃப். மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால் அதற்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, பெடலில் இருந்து கால் எழும் முன்பே மூட வேண்டும். திறந்து மூடும் இந்த வரிசை தவறினால் வெளியே போன காற்றே திரும்ப உள்ளே வரும். டேங்க் காலியாகவும் விடக்கூடாது. சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி வேலை செய்யாதீர்கள். அச்சு தொங்கினால் லோடு சென்சிங் வால்வு பின் லைனை அடக்கிவிடும், எவ்வளவு மிதித்தாலும் பின்னால் சரியாகக் காற்று வராது. அச்சுக்குக் கீழே ஜாக்கி கொடுங்கள்.

அந்த வால்வுதான் நம் ஊரில் பலருக்கும் தெரியாத வில்லங்கம். சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையில் ஒரு கம்பியோடு இருக்கும். லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். அதிக மூட்டை ஏற்ற வேண்டும் என்று கமான் பட்டையைக் கூட்டிவிட்டால் லோடு ஏறினாலும் வண்டி தாழாது. வால்வு காலி வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் மந்தமாகி, முன் பேட் சீக்கிரம் தேய்ந்து, டிஸ்க் நீலம் பாய்ந்து போகும். பட்டை கூட்டிய வண்டியில் எத்தனை லைனர் மாற்றினாலும் இது தீராது. கம்பெனி கொடுத்த பட்டை எண்ணிக்கைக்குத் திரும்புங்கள், வால்வுக் கம்பியை மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். கம்பி வளைந்தோ கழன்றோ கிடக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கம் பெரும்பாலும் நன்றாகப் பிடிக்கிற பக்கம். கோளாறு எதிர்ப்பக்கம் இருக்கலாம்: டிஸ்க்கைப் பேடால் கவ்வும் காலிப்பர் சிக்கியது, அல்லது கிரீஸோ ஆயிலோ பட்ட லைனர். ஆயில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவினாலும் சூடேறும்போது மறுபடி கசிந்து வரும். அந்த அச்சின் இரு பக்கமும் புதிதாகப் போடுங்கள். கசியும் சீலை மாற்றாமல் லைனர் போட்டால் பணம்தான் வீண். ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் சூடாக இருந்தால், தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருக்கும்போது நிப்பிளைத் திறந்ததும் சுற்றினால், ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்துத் திரும்ப வழி விடாமல் பிடிக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரி. டாட் 4க்கு 230, 155. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். தவறி எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் வாஷர்கள் ஊதிவிடும், ரப்பர் பாகம் அத்தனையும் மாற்ற வேண்டி வரும்.

திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் ஏற்றி இறங்கும்போது இந்த ஈரம்தான் காட்டிக்கொடுக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரின் வாக்கும் தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல்லாகிவிடும். லைனர் கருகும் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிரம் வெடிக்கும். இறங்கும்போது மெத்தென்று ஆன பெடல், ஆறியதும் பழையபடி கெட்டியானால் உள்ளே ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். மலையை விட்டுக் கீழே வந்ததும் அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் ஆயில் முழுவதையும் மாற்றுங்கள்.