வென்டிலேட்டரில் இருப்பவருக்கு சக்‌ஷன் போடுவது எப்படி? ஐசியூவுக்குப் புதிதாக வந்த சிஸ்டர்களுக்கு

ஐசியூ டூட்டிக்கு வரும் புதுப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, எத்தனை மணிக்கு ஒரு தடவை சக்‌ஷன் போடணும்?" என்பதுதான். அப்படி மணிக்கணக்கு எதுவும் கிடையாது. மூச்சுக்குழலில் போட்டிருக்கும் டியூபுக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு சளியை உறிஞ்சி எடுப்பதுதான் சக்‌ஷன். சளி இருந்தால் போட வேண்டும், இல்லாவிட்டால் டியூபைத் தொடக் கூடாது. குழாய் உள்ளே போகும்போது ஆக்சிஜன் இறங்கும், மூச்சுக்குழலின் உள்தோல் உரசும், சிலருக்கு இதயத்துடிப்பே சரிந்துவிடும்.

சளி இருக்கிறதா?

டியூபில் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தொண்டைக்குழிக்கு மேல் ஸ்டெத் வைத்தால் கரகரவென்று கேட்கும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கலாம், பிரஷர் அலாரம் அடிக்கலாம். வென்டிலேட்டர் திரையில் ஃப்ளோ (காற்றோட்டம்) கோடு ரம்பப் பல் மாதிரி வரும்.

இந்த ரம்பப் பல்லை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வென்டிலேட்டரையும் டியூபையும் இணைக்கும் சர்க்யூட் குழாயில் தண்ணீர் தேங்கினாலும் கோடு இதே மாதிரிதான் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நைட் டூட்டியில் ஒரு தாத்தாவுக்கு இரண்டு தடவை சக்‌ஷன் போட்டேன். சளியும் வரவில்லை, கோடும் மாறவில்லை. சீனியர் அக்கா வந்தார், ஒன்றும் பேசாமல் சர்க்யூட்டில் தண்ணீர் சேரும் வாட்டர் டிராப்பைக் கழற்றிக் கொட்டினார். கோடு சரியாகிவிட்டது. தாத்தாவை வீணாக இரும வைத்ததுதான் மிச்சம்.

தயார் செய்வது

கதீட்டரின் தடிமன், டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. டியூப் 8 என்றால் பாதி 4 மில்லிமீட்டர். 3 ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால் 12 ஃபிரெஞ்ச் எடுங்கள். பெரியவர்களுக்கு சக்‌ஷன் பிரஷர் 80 முதல் 120 mmHg வரை போதும். குழாய் நுனியை மடித்துப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள், அப்போதுதான் உண்மையான அளவு தெரியும். அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உதட்டருகே டியூபில் எந்த எண் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்து ஓடினாலும் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள்: "ஐயா, சளி எடுக்கப் போறேன். இருமல் வரும், சீக்கிரம் முடிச்சிடுவேன்." காதில் விழாது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

சளி எடுப்பது

கை கழுவி, வென்டிலேட்டரில் 100 சதவீத ஆக்சிஜன் பட்டனை அழுத்தி, 30 முதல் 60 விநாடி பொறுங்கள். ஸ்டெரைல் கிளவுஸ் போட்ட கையால் மட்டும் கதீட்டரைப் பிடியுங்கள். மற்ற கையால் டியூபிலிருந்து வென்டிலேட்டரைக் கழற்றுங்கள். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. இருமல் வந்தாலோ தடை தட்டுப்பட்டாலோ அங்கேயே நிறுத்தி, ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்த பிறகே கட்டைவிரலால் கதீட்டரின் பிடியில் உள்ள துளையை மூடுங்கள், அப்போதுதான் உறிஞ்சும். உறிஞ்சிக்கொண்டே வெளியே எடுத்து, வென்டிலேட்டரை மறுபடி இணையுங்கள். மொத்தம் 15 விநாடிக்குள் முடிய வேண்டும்.

கண் மானிட்டரை விட்டு அகலக் கூடாது. துடிப்போ சாச்சுரேஷனோ சரிந்தால் உடனே நிறுத்தி, வென்டிலேட்டரை இணைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். மறுபடி எடுக்க வேண்டுமானால் சாச்சுரேஷன் பழைய அளவுக்கு வந்த பிறகுதான். சளி கெட்டி என்று வழக்கமாக சலைன் ஊற்றும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

குளோஸ்டு சக்‌ஷன் (கதீட்டர் உறைக்குள் சர்க்யூட்டோடு சேர்ந்தே இருப்பது) என்றால் வென்டிலேட்டரைக் கழற்றும் வேலையே இல்லை. ஆனால் முடித்ததும் கதீட்டரின் நுனிக் குறி உறைக்குள் தெரியும்வரை முழுதாக இழுத்துவிட வேண்டும். பாதியில் விட்டால் டியூபையே அது அடைத்துக்கொள்ளும்.

முடித்த பிறகு

ஆக்சிஜன் பழைய அளவுக்கு வந்துவிட்டதா, உதட்டருகே அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்க்குப் போட்ட குழாய் ஒருபோதும் டியூபுக்குள் போகக் கூடாது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்திவிடுங்கள். சார்ட்டில் "சக்‌ஷன் டன்" என்று மட்டும் எழுதாமல் நேரம், சளியின் நிறம், அளவு, கெட்டியா நீர்த்ததா என்பதையும் எழுதுங்கள். நேற்று வெள்ளையாக வந்தது இன்று பச்சையாகவோ ரத்தத்தோடோ வந்தால், எழுதுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.