டீனா டர்னர் குரலில் ஒரு டான்ஸ் ரீமிக்ஸ்: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

முதல் ரீமிக்ஸுக்கு எந்தப் பாட்டை எடுக்கலாம் என்று கேட்டால், அமெரிக்கப் பாடகி டீனா டர்னரின் 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' என்பேன். 1984இல், 44 வயதில், அவரை மறுபடி உச்சியில் ஏற்றிய பாட்டு. அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம். 2020இல் நார்வே டிஜே கைகோ இதை டான்ஸ் பாட்டாக்கினார். டீனாவுக்கு அப்போது வயது 80. முதல் வேலை, இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்பது.

அப்புறம் குரலைப் பிரிக்க வேண்டும். பேண்ட்லேப் என்ற இசைச் செயலியில் இருக்கும் ஸ்பிளிட்டரில் பாட்டை ஏற்றினால் குரல், டிரம்ஸ், பேஸ் (கனமான அடி ஒலி) எல்லாம் தனித்தனியாக வரும். குரலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இசை அதில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். பரவாயில்லை, நம் கிக் (பெரிய டிரம்மின் 'தும்' என்ற அடி) விழுந்ததும் காதில் படாது.

அடுத்தது வேகம். எல்லோரும் சறுக்கும் இடம் இது. மூலப் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 98 தட்டு. டான்ஸ் என்றால் 128தான் என்று நம்பி முதல் தடவை நானும் அங்கே இழுத்தேன். முப்பது சதவீத ஏற்றம்! அலட்டிக்கொள்ளாமல், சற்றே சலிப்போடு வரும் அந்தக் கரகரப்புதான் பாட்டின் உயிர். எனக்குக் கிடைத்ததோ, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மூச்சிரைக்கப் பேசுவது போன்ற குரல். 108 போதும், பத்து சதவீதத்தைக் குரல் தாங்கும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் தாளக் கட்டத்தோடு பொருத்துங்கள். வரிக்குள் அவர் கொஞ்சம் பிந்திப் பாடினால் அதைத் திருத்தப் போகாதீர்கள்.

தாளம் சுலபம். நான்கு தட்டிலும் கிக், 2லும் 4லும் கிளாப் (கைதட்டல் ஒலி), இடைவெளிகளில் ஹை-ஹாட் (சிறு ஜால்ரா போன்ற ஒலி). கிக் விழும்போது பேஸ் சற்று அடங்கும்படி சைட்செயின் போடுங்கள். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடுங்கள்.

தொடக்கத்தில் 16 பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) வெறும் தாளம், சுமார் 35 நொடி. பல்லவிக்கு முன்னால் 4 பாருக்குக் கிக்கை நிறுத்துங்கள். அந்த ஒன்பது நொடியில் குரலோடு ஒரு பியானோ மட்டும் இருக்கட்டும். கிக் திரும்ப வரும்போது கால் தானாக ஆடும்.

உரிமை வாங்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள், யூடியூப் கண்டுபிடித்துவிடும். கடைசியாகப் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். பேஸ் காணாமல் போனால் அதையே ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே இரட்டித்துச் சேர்த்தால் சரியாகிவிடும்.