கடற்பறவைத் தீவில் முதல் வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸ் கரைக்கு அப்பால் உள்ள ஸ்கோகோம் தீவில் ரொனால்ட் லாக்லி 1933-இல் தொடங்கியதுதான் பிரிட்டனின் முதல் பறவை ஆய்வு நிலையம். இத்தகைய தீவுகளுக்கு உதவியாளராகப் போகிறவர்கள், பறவையைக் கையில் பிடிக்கும்போதுதான் தவறு நேரும் என்று நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, படகேறும் துறையிலேயே தவறு தொடங்கிவிடும்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஏறாதீர்கள். சினையான ஒரே ஓர் எலி போதும், தரையில் முட்டையிடும் பறவைகள் அழிய. இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் உள்ள லண்டி தீவில் 2002 முதல் 2004 வரை பாடுபட்டு எலிகளை ஒழித்த பிறகுதான் தரைப் பொந்துகளில் முட்டையிடும் கடற்பறவைகளான மேங்க்ஸ் ஷியர்வாட்டர்கள் அங்கே மறுபடி பெருகின.

அடுத்தது நடை. புல்தரையாகத் தெரிவதெல்லாம் அடியில் பொந்துகள். ஷியர்வாட்டர் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். தாயும் தந்தையும் மாறி மாறி ஏறத்தாழ 51 நாள் அடைகாக்கும். பாதையை விட்டு விலகிய ஒரு காலடி அத்தனையையும் புதைத்துவிடும். கால் உள்ளே போய்விட்டால், வெட்கப்பட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள். சரிந்த மண்ணைக் கையால் எடுத்து, வழியைத் திறந்து, மேலே உடைந்த இடத்தைத் தட்டைக் கல்லால் மூடி, காப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். மறைத்தால்தான் குஞ்சு சாகும்.

இரவில் விளக்கு. ஷியர்வாட்டருக்குக் கால்கள் மிகவும் பின்தள்ளி இருப்பதால் நிலத்தில் தத்தித் தத்தித்தான் நகரும்; பெரிய கடற்காகங்களிடம் சிக்காமலிருக்க இருட்டிய பிறகே கரையேறும். நிலா வெளிச்ச இரவுகளில் வருவதே குறைவு. ஆகவே வீட்டுச் சன்னல் திரையை மூடாமல் தூங்கப் போவது சின்ன விஷயமல்ல. முதன்முறை பறக்கும் குஞ்சுகள், அதுவும் பனிமூட்ட இரவில், அந்த வெளிச்சத்தை நோக்கி வந்து சுவரில் மோதும்.

பறவையின் காலில் எண் பொறித்த வளையமிட உரிமம் வேண்டும்; பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது. பிடியிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. கேனட் பறவைக்கு வெளியே தெரியும் மூக்குத் துளை கிடையாது. குத்திவிடுமே என்று அலகை இறுக்கி மூடினால் மூச்சுத் திணறும். அலகுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஃபுல்மர் குஞ்சு வயிற்று எண்ணெயை உமிழும். அது பட்ட பையில் வேறு பறவையைப் போட்டால் அதன் இறகு நீர் தாங்கும் தன்மையை இழந்துவிடும்.

பழைய அலுமினிய வளையங்களை உப்புநீரும் பாறையும் தேய்த்துத் தின்றன. அதனால்தான் இன்று கடற்பறவைகளுக்குக் கடினமான உலோகம். வளையத்தின் இரு முனைகளும் இடைவெளியின்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பொருந்த வேண்டும்.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, வளைய எண்ணை அவசரமாகப் படிப்பது. வட அயர்லாந்தின் கோப்லாந்து தீவில் 1953-இல் வளையமிட்ட ஷியர்வாட்டர் ஒன்று 2003-இல் மறுபடி பிடிபட்டது. 6-ஐ 9 என்று அன்று எழுதியிருந்தால் அந்த ஐம்பது ஆண்டுகளும் காணாமல் போயிருக்கும். எவ்வளவு குளிரானாலும், தூக்கம் வந்தாலும், ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க, எழுதுபவர் திருப்பிச் சொல்ல, அதன் பிறகே பறவையை விடுங்கள்.

மாலையில் எல்லோரும் கூடி அன்றைய எண்ணிக்கையைப் பதிவேட்டில் ஏற்றும்போது, அன்று கண்ணில் படாத பறவை இனத்தையும் சொல்லுங்கள். தவறாக எழுதிவிட்டால் அழிப்பானை எடுக்காதீர்கள்: ஒரே கோடு இழுத்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்.