எலும்பு ஸ்கேனுக்குப் போகும் முன்

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் இந்த ஸ்கேனை எழுதித் தருவார்கள். பொதுவாக வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே போகலாம். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கையிலுள்ள ரத்தக் குழாயில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தைச் செலுத்துவார்கள். அது எலும்பில் போய்ச் சேர 2 முதல் 4 மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால்தான் மிச்ச மருந்து வெளியேறிப் படம் தெளிவாக வரும் (தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்). படுப்பதற்குச் சற்று முன் இன்னொரு முறை போய்விட்டு வாருங்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை இடுப்பெலும்பை மறைத்துவிடும். உள்ளாடையில் ஒரு சொட்டு பட்டால்கூடப் படத்தில் கறுப்புப் புள்ளியாக விழலாம், அதனால் கூச்சப்படாமல் சொல்லி உடையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் அரை மணி முதல் ஒரு மணி நேரம். கேமரா முகத்துக்கு மிக அருகில் வரும், பயப்படாதீர்கள், அதிலிருந்து கதிர்வீச்சு எதுவும் வராது. அசையாமல் படுக்க முடியாத அளவு வலி இருந்தால் வலி மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அப்புறம் ரிப்போர்ட். மருந்து அதிகம் சேர்ந்த இடமெல்லாம் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மூட்டுத் தேய்மானமும் ஆறிவரும் எலும்பு முறிவும் அப்படித்தான் தெரியும். ஆகவே எப்போதோ விழுந்து அடிபட்டதைக்கூட ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லுங்கள், பழைய படங்களையும் கொண்டுபோங்கள். உடலில் உள்ள மருந்திலிருந்து சிறிது கதிர்வீச்சு வரும் என்பதால், அன்று மட்டும் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.