ஓய்வுக்குப் பின் ஒரு நீண்ட கார்ப் பயணம்: உறவுகளையும் நண்பர்களையும் பார்த்து வருவது எப்படி?

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் நானும் மனைவியும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். 11 நாளில் 9 வீடுகள். வீடு திரும்பியபோது யாரிடம் என்ன பேசினோம் என்பதே குழம்பிப் போயிருந்தது. ஒரு வீட்டில் பையை இறக்கிவைத்த பத்தாவது நிமிடமே, அடுத்த வீட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று நான் கணக்குப் போட்டதை மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறார். இரண்டாவது முறை 24 நாள், 6 வீடுகள். கீழே இருப்பவை அந்த இரண்டாவது பயணத்தின் வழிமுறைகள்.

படி 1: வரைபடத்தை மூடிவிட்டுப் பெயர்களை எழுதுங்கள்

புதிதாகக் கிளம்புகிறவர்கள் முதலில் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். அப்படிச் செய்தால் வழியில் இருப்பவர்களைத்தான் பார்ப்பீர்கள்; பார்க்க விரும்பியவர்களை விட்டுவிடுவீர்கள். எனவே இருவரும் தனித்தனித் தாளில், ஒருவருக்கொருவர் காட்டாமல், பெயர்களை எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு தாளிலும் இருக்கும் பெயர்கள் முதலில். வயதில் மூத்தவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் அதற்கும் மேலே. அவர்களுக்காக ஒரு நாள் சுற்றிப் போக நேர்ந்தாலும் சரி. "அந்தப் பக்கம் போய்விட்டு எட்டிப் பார்க்காமல் வந்தால் வருத்தப்படுவார்களே" என்பதற்காக மட்டுமே எழுதிய பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த வீடுகளுக்கு ஒரு மணி நேரம் போதும், இரவுத் தங்கல் வேண்டாம்.

படி 2: "வரலாமா?" என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு யாரும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். பேரனுக்குத் தேர்வு நடந்துகொண்டிருக்கும், வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் "தாராளமாக வாருங்கள்" என்பார்கள். இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை இரவு, எந்த நாள் எந்த நேரத்தில் கிளம்புவோம் என்பதை அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். கிளம்பும் நேரம் முன்பே தெரிந்திருந்தால் விருந்தளிப்பவருக்கு எத்தனை நிம்மதி என்பதை, நான் விருந்தளிக்கும் இடத்தில் இருந்தபோதுதான் உணர்ந்தேன். மாடிப்படி ஏற முடியாது, இரவில் இருமுறை எழுந்திருக்க வேண்டும் என்பது போன்றவற்றையும் கூசாமல் சொல்லுங்கள். இடம் போதாது என்ற தயக்கம் எதிர்முனையில் தெரிந்தால், பக்கத்தில் விடுதியில் தங்கிக்கொள்கிறோம் என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு நாளுக்கு நான்கு மணி நேர ஓட்டம்

கூகுள் மேப்ஸ் நான்கு மணி நேரம் என்று காட்டினால், நம் வயதில் அது ஐந்தரை. நீங்கள் நிறுத்தி இறங்குவதை அது கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் இறங்கி நடங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. வயது ஏற ஏற அந்த அபாயமும் ஏறும்.

இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். வயதானவர்களின் கண்மணி இருட்டில் முன்போல விரிவதில்லை. எதிரே வரும் விளக்கொளியில் கூசிய கண் தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மதியம் இரண்டிலிருந்து நான்கு மணி வரை உடலின் கடிகாரமே தூக்கத்தை அழைக்கும் நேரம், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் பயன்படாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு, இருபது நிமிடம் கண்ணயருங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்பதால், விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை எட்டு மணி நேரம் வரை நேரலையாகப் பகிரலாம். கிளம்பும்போதே அதைப் போய்ச் சேரும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், "எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று அரை மணிக்கொரு அழைப்பு வராது. சிக்னல் கிடைக்காத பகுதிகளின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: டயரையும் மருந்தையும் பாருங்கள்

டயர் காற்றழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவின் ஓரச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள எண் அதிகபட்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. முழுச் சுமைக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கார் ஓடாமல் மூன்று மணி நேரம் நின்ற பிறகு பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. மாற்று டயரிலும் காற்றையும் இந்த எண்ணையும் பாருங்கள். நான் பார்க்கவில்லை, பஞ்சரான அன்றுதான் மாற்று டயரிலும் காற்றில்லை என்று தெரிந்தது.

மருந்துகளைப் பயண நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சீட்டின் நகலில் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் (உள்ளிருக்கும் மருந்துப்பொருளின் பெயர்) இருக்கட்டும். வேறு இடத்தில் அதே மருந்து வேறு வணிகப் பெயரில் கிடைக்கலாம். இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள், ஐஸ்கட்டியை ஒட்டியும் வைக்காதீர்கள். வெயிலும் கெடுக்கும், உறைவதும் கெடுக்கும். சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அதை விழுங்கிவிட்டு ஓட்ட உட்காராதீர்கள்.

எல்லை கடந்து வேறு நாட்டுக்குள் ஓட்டுவதானால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமம் வழங்கப்பட்ட நாட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கார்க் காப்பீடு அங்கே செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 5: இரண்டு இரவு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மருந்தைப் பற்றி மருத்துவர் சொல்லட்டும். விருந்துக்கு இரண்டு இரவே என் கணக்கு. முதல் மாலை நலம் விசாரிப்பதில் போய்விடும். உண்மையான பேச்சு மறுநாள் முற்பகலில்தான் வரும், அதுவும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது வராது. கீரை ஆய்வதிலோ துணி மடிப்பதிலோ கூடவே கை கொடுத்துக்கொண்டிருந்தால் தானாக வரும். நாற்பது ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்த நண்பர், தான் வேலையை விட நினைத்த கதையை முதன்முதலில் சொன்னது அவர் வீட்டுக் குழாயை இருவரும் சேர்ந்து சரிசெய்தபோதுதான்.

பழைய புகைப்படங்கள் சிலவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த வீட்டு ஆல்பமும் தானாகவே வெளியே வரும். படத்தில் இருப்பவர்கள் யார் என்று மூத்தவர்களிடம் கேட்டு, அனுமதியோடு அவர்கள் பேச்சைத் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். படத்தை நகலெடுக்க ஃப்ளாஷ் வேண்டாம். ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். பின்புறம் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறலாம்.

மதியத்தில் அவர்களைத் தனியே விடுங்கள். ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். உங்களைப் பற்றிப் பேசவும் அவர்களுக்கு நேரம் வேண்டாமா? இரண்டு மூன்று வீடுகளுக்கு ஒருமுறை விடுதியில் ஒரு நாள் தங்குங்கள். துணி துவைக்க, வாய் மூடியிருக்க, "அன்றைக்கு நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்று ஒருவரையொருவர் கடிந்துகொள்ள அந்த நாள் தேவை.

படி 6: சொன்ன நேரத்தில் கிளம்புங்கள்

"இன்னும் ஒரு நாள் இருங்களேன்" என்பார்கள். உண்மையான அன்புதான், ஆனாலும் கிளம்புங்கள். இரவே பைகளைக் காரில் ஏற்றிவிட்டால் உறுதி குலையாது. படுக்கை விரிப்பைக் கழற்றி மடித்துவையுங்கள். சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்தீர்களா என்று பாருங்கள். எங்களுடைய இரண்டு சார்ஜர்கள் இன்னும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

அடுத்த இடம் போய்ச் சேர்ந்ததும், பையை இறக்கும் முன், விட்டுவந்த வீட்டுக்கு ஓர் அழைப்பு. அதுவரை அங்கே யாராவது தூங்காமல் காத்திருப்பார்கள்.