முழங்கால் தேய்மானமும் கைத்தடியும்
முழங்கால் மூட்டு தேய்ந்த முதியவர்கள் தடுமாறி விழுவதற்கு வலி மட்டுமே காரணமன்று. வலிக்குப் பயந்து நடையைக் குறைக்கக் குறைக்கத் தொடையின் முன்தசை மெலிந்து, படியிறங்கும்போது முழங்கால் திடீரென மடங்கிவிடுவதும் ஒரு காரணமாகும். கைத்தடியை வலிக்கும் காலின் பக்கமே பிடிப்பது பலரும் செய்யும் தவறு (பார்ப்பதற்கு அதுவே இயல்பாகத் தோன்றும்). அதை மறுபக்கக் கையில் பிடித்து, வலிக்கும் காலோடு சேர்த்து முன்வைக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் வழவழவென்று தேய்ந்துவிட்டால் ஈரமான குளியலறைத் தரையில் தடியே வழுக்கிவிடும் என்பதால், அவ்வப்போது அதைத் திருப்பிப் பார்த்து மாற்றிவிடுங்கள். படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது தடியையும் வலிக்கும் காலையும் முதலில் வைக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்தபடி காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தும் பயிற்சியைத் தினமும் 10 முறை செய்தால் தொடைத்தசை மெல்ல வலுப்பெறும்.